சந்தனம் இறங்கிய கண்ணாடி

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் அதன் சொந்த முகத்தோடு இருந்ததில்லை. டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குத் துணி உறை. சோபா வாங்கியபோது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவள் படித்து முடித்து வேலைக்கும் போயாகிவிட்டது, கடையில் சுற்றித் தந்த பாலிதீன் இன்னும் அதன் மேலேயே இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரி வெக்கையில் அதில் உட்கார்ந்தவர்கள் எழும்போது பிளாஸ்திரி பிய்க்கிற சத்தம் வரும். அதற்குப் பயந்தே சில விருந்தாளிகள் சீக்கிரம் கிளம்ப மாட்டார்கள். எல்லாம் என் வீட்டுக்காரரின் திருப்பணி. எங்கள் கல்யாணப் போட்டோவைக்கூட லேமினேட் செய்துவிட்டார்.

"என்னையும் கொண்டுபோய் லேமினேட் பண்ணிடுங்களேன், கடுகு தாளிக்கிறப்போ எண்ணெய் தெறிக்காது" என்று ஒருநாள் கத்தினேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு எங்கள் மகள் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தாள். ஒரே பிள்ளை. காக்கநாட்டில் ஐடி கம்பெனியில் வேலை. வாரம் முழுக்க அங்கே ஹாஸ்டலில் இருந்துவிட்டுச் சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். அவள் வந்துவிட்டால் அப்பாவும் பெண்ணும் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. அவர் சுக்கு குடோன் ஒன்றில் ஆபீஸ் வேலை பார்க்கிறார். வாரம் முழுக்க அங்கே நடந்ததை எல்லாம் சேர்த்துவைத்துச் சனிக்கிழமை சாயங்காலம் அவளிடம் கொட்டுவார். எனக்கு ஒரு வரி கிடையாது. "உங்கிட்ட சொன்னா நீ குறுக்கே கேள்வி கேப்பே" என்பார். கேட்பேன்தான். கேட்காமல் எப்படி இருப்பது?

போன் வந்த அன்றைக்கே தெருமுனை மொபைல் கடைக்கு அதைக் கைக்குழந்தையைத் தூக்கிப் போவதுபோல எடுத்துப் போனார். நானும் போனேன், போகாவிட்டால் எதைச் சுற்றிக்கொண்டு வருவாரோ என்று. கடைக்காரச் சேட்டன் ஒரு கண்ணாடி கார்டை எடுத்து அதன் மேல் ஸ்க்ரூ டிரைவரால் டொக் டொக்கென்று தட்டிக் காட்டினார். கீறல் இல்லை. சாவியால் கீறினார். ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் கண் கலங்காத குறை.

"ஆனா இது கீழ விழுந்தா?" என்றார்.

"பொட்டும் சாரே. பொட்டட்டே. அதினல்லே ஒட்டிக்குன்னது!" என்றார் சேட்டன். உடையட்டும், உடைவதற்காகத்தானே ஒட்டுகிறோம் என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கண்ணாடி உடைவதற்கென்றே பிறந்திருக்கிறது என்பதை அவர் மனம் ஒப்பவில்லை. "போன் கண்ணாடிக்கு இது காவல். சரி. இதுக்கு யாரு காவல்?" என்று கேட்டார். சேட்டன் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். கடைசியில் அடியில் ஒரு பிளாஸ்டிக் படலம், அதன் மேல் ஒரு கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்குக் காவலாக இன்னொரு கண்ணாடி, சுற்றிலும் ரப்பர் கேஸ், முன்னால் மூடி என்று போன் ஒரு செங்கல் கனத்துக்கு வந்து சேர்ந்தது.

விளைவு என்னவென்றால், அவர் விரலை அது அடையாளமே கண்டுகொள்ளவில்லை. தபால் ஆபீஸில் முத்திரை குத்துவதுபோல ஓங்கி அழுத்த வேண்டும். இரண்டு கண்ணாடியில் மேலே இருந்தது கொஞ்சம் நகர்ந்து ஒட்டியதில், காதில் வைத்துக் கேட்கிற ஓட்டையும் அடைபட்டுவிட்டது. மகள் அடுத்த சனிக்கிழமை வந்து தலையில் அடித்துக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் நேரே ஸ்பீக்கரிலேயே பேசுகிற மாதிரி அமைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சங்கதி தெருவுக்கே பொது.

இப்படிச் சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மகள் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே, விஷயத்தைச் சொன்னாள். கூட வேலை செய்கிற பையன். குஜராத்திக் குடும்பம். ஆனால் தலைமுறை தலைமுறையாக இங்கேயே, நம் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கடை வைத்திருக்கிறவர்கள். கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள்.

எனக்கு முன்னாலேயே தெரியும். அதனால் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று எழுந்தார். மடியில் இருந்த போன் தரையில் விழுந்தது. அத்தனை கவசமும் போட்டு என்ன பிரயோஜனம், மூடி திறந்துகொண்டு மூஞ்சி குப்புற விழுந்தது. எடுத்துப் பார்த்தால் மேலே ஒரு ஓரத்தில் தொடங்கிக் குறுக்காக ஒரு விரிசல், இரண்டு கண்ணாடியிலும்.

கடைக்கு எடுத்துப் போனோம். சேட்டன் பார்த்துவிட்டு, "போனுக்கு ஒண்ணும் ஆயிட்டில்ல சேச்சி, கிளாஸ் மட்டும்தான். மாத்தட்டே?" என்றார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். துணியில் சுருக்கம் விழுந்தால் பொறுக்காத மனுஷன், விரிசல் விட்ட கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தார். "இது உன் பொண்ணு உடைச்சது. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

உன் பொண்ணு! அதுவரைக்கும் என் பெண் என்று யார் சொன்னது? பரீட்சையில் முதல் மார்க் வாங்கினால் அவர் பெண், கண்ணாடி உடைத்தால் என் பெண். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவருக்கு ரசத்தில் உப்பே போடவில்லை. சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்போதுதான் விஷயம் முற்றிவிட்டது என்று புரிந்தது.

அதற்குப்பின் அவளோடு பேச்சு இல்லை. அவள் கூப்பிட்டால் போனை என் பக்கம் தள்ளிவிடுவார். சனிக்கிழமை அவள் வந்தால் குடோனில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவார். விரிசலில் விரல் கீறிக் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார். அந்த விரலைப் போன் ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்கும் என் பெண்தான் காரணம் என்றார்.

இதே சமயத்தில் வீட்டில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. பெருங்காயம். வேலை முடிந்து வரும்போது பையில் ஒரு பெருங்காய டப்பா இருக்கும். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. கட்டிப் பெருங்காயம், தூள் பெருங்காயம், மஞ்சள், வெள்ளை. "எதுக்குங்க இவ்வளவு? நம்ம ரெண்டு பேரு மட்டும்தானே சாப்பிடறோம்?" என்று கேட்டால், "கெட்டா போகும்? இருக்கட்டுமே" என்பார். அலமாரியில் இடமில்லாமல் அரிசி டிரம்முக்குள் வைத்தேன், சோறும் மணத்தது. எங்கள் சாம்பார் வாசனை வல்லார்பாடம் துறைமுகத்தில் கப்பல்காரர்களுக்கே எட்டியிருக்கும். மகள் துக்கத்தில் மனுஷனுக்கு மூளை பிசகிவிட்டது என்றே நினைத்தேன். யாரிடம் போய்ச் சொல்ல முடியும், என் புருஷன் பெருங்காயம் வாங்குகிறார் என்று?

நவராத்திரி நெருங்கியபோது மகள் சனிக்கிழமை வருவதையே நிறுத்திவிட்டாள். என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அம்மா, பெங்களூரு ஆபீசுக்குப் போறியான்னு கேக்கறாங்க. விஜயதசமி லீவு முடிஞ்சு போனதும் பதில் சொல்லணும். அப்பா ஒரு வார்த்தை பேசினா போகமாட்டேன். பேசலைன்னா போயிடறேன். ஒரே ஊர்ல இருந்துகிட்டுப் பேசாம இருக்கறதுக்கு, வேற ஊர்ல இருந்து பேசாம இருக்கலாமல்லே?"

நான் ஒரு எழுத்து விடாமல் அவரிடம் சொன்னேன். "ஓ" என்றார். அவ்வளவுதான். நான் ஒரு மணி நேரம் பேசினேன், அவர் ஓ.

சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வழக்கத்தில் புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் அம்மன் படத்தின் முன்னால் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், மறுநாள் காலை பூஜை எடுக்கும்வரை எதையும் தொடக்கூடாது. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. வருஷா வருஷம் மகளுடைய பழைய கணக்குப் புத்தகம்தான் அடியில் இருக்கும். அதை அவரே தேடி எடுத்து வைப்பார். இந்த வருஷமும் வைத்தார். அதன் மேல் குடோன் பேனா, என் தையல் கத்தரிக்கோல். பிறகு தன் போனைக் கொண்டுவந்து, மூடியைப் பின்னால் மடக்கி, புத்தகத்தின் மேல் சாய்த்து நிறுத்தினார். அதோடு நிற்காமல் என் போனையும் எடுத்து வைத்துவிட்டார்.

"அது எதுக்கு?"

"அதுவும் ஆயுதம்தான். நீ அதை வச்சுத்தானே என்னைப் பத்தி ஊருக்கெல்லாம் சொல்றே?"

"அப்போ சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டு வைங்க."

"பூஜைக்கு வைக்கிறதை யாராவது அணைப்பாங்களா? உன்னுது வேணா அணைச்சிடறேன்."

எனக்குப் புரியாதா என்ன? அவள் கூப்பிட்டால் எடுக்க முடியாமல் இருக்க வேண்டும். ஆனால் கூப்பிட்டாளா இல்லையா என்று காதில் விழவும் வேண்டும். இப்படியும் ஒரு மனுஷன்.

சந்தனம் நான் அரைத்தால் கெட்டியாக இருக்கும். அன்றைக்கு வீம்புக்கு அவரே அரைத்தார், கஞ்சித்தண்ணி மாதிரி. அதை அள்ளிப் போன் முகத்தில் தாராளமாக அப்பினார். "விரிசல்ல இறங்கப்போகுது" என்றேன். "இறங்கட்டும்" என்றார். கறுத்துக் கிடந்த திரையில் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போனைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறார் என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

மத்தியானம் சாப்பாடு முடிந்து பூஜைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது. மகள்தான், அவளுக்கென்று தனி மணி வைத்திருந்தார், அதை மாற்றவில்லை. அது அதிர்ந்த வேகத்தில் கத்தரிக்கோல் கலகலவென்றது. அவர் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் அடித்துவிட்டு மணி நின்றது. வைத்துவிட்டாள் என்று நினைத்தோம்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "நல்லா இருக்குங்க! நாளைக்கழிச்சு அவ பெங்களூருக்குப் போறேன்னு எழுதிக் கொடுத்துடுவா. நீங்க இங்கே போனுக்குச் சந்தனம் பூசிட்டு உக்காந்திருங்க. அந்தப் பையன்கிட்ட என்ன குறை கண்டீங்க? ஒருக்காவாவது பாத்திருக்கீங்களா?"

"குறைன்னு யாரு சொன்னா?" என்றார். "நல்ல பையன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பாயின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தார்.

"கேக்கறேனல்லே? எப்படித் தெரியும்?"

"பாத்தேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "லீவு நாள்ல அவங்க அப்பா கடையில நிப்பான். போய்ப் பாத்தேன்."

"என்ன கடை?"

வாய்க்குள்ளேயே சொன்னார். "பெருங்காயக் கடை."

அடக் கடவுளே! டப்பா டப்பாவாக, அரிசி டிரம் வரைக்கும், எல்லாம் மாப்பிள்ளை பார்த்த சீர்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"சும்மா போய் நிக்க முடியுமா? ஏதாவது வாங்கணுமல்லே?" என்றார் பரிதாபமாக. "பையன் அப்பாகிட்ட குரல் உசத்திப் பேசறதில்ல. வேலைக்காரங்களை அவரு இவருன்னுதான் சொல்றான். ஒருநாள் நல்ல மழை. நான் யாருன்னுகூட அவனுக்குத் தெரியாது, நனையாதீங்க அங்கிள்னு குடை கொடுத்தான். கதவுக்குப் பின்னால தொங்குதே, அதுதான்."

திரும்பிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் அந்தக் குடை தொங்கியது. அதற்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்.

"அப்புறம் என்னதாங்க உங்களுக்கு?"

அப்போதுதான் மனுஷன் உடைந்தார். "அவ உங்கிட்ட எப்போ சொன்னா?"

"போன வருஷ ஓணத்துக்கு."

"எங்கிட்ட? எல்லாம் முடிவு பண்ணிட்டு, ஆபீசுக்கு லீவு சொல்ற மாதிரி. சின்னதுல முட்டி சிராய்ச்சாக்கூட உன்னைத் தாண்டி எங்கிட்டதான் ஓடி வருவா. இதை மட்டும் ஏன் ஒளிச்சா? நான் என்ன புலியா, கரடியா? அவளுக்கு எங்கிட்ட பயமா? அதுதாண்டீ. வேற ஒண்ணுமில்ல." துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவ பெங்களூருக்குப் போயிட்டா சனிக்கிழமை நான் யாருகிட்டடீ பேசுவேன்?"

"அப்பா" என்று ஒரு குரல் கேட்டது.

அம்மன் படத்துப் பக்கத்திலிருந்து வந்தது. என் வீட்டுக்காரர் சட்டென்று கை கூப்பிவிட்டார். நிஜமாகவே சரஸ்வதி கூப்பிட்டாள் என்றே நினைத்திருக்கிறார்! கலைவாணி எதற்கு இவரை அப்பா என்று கூப்பிடப்போகிறாள்?

"அப்பா, நான்தான். எல்லாம் கேட்டேன்" என்றது போன். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

எப்படி நடந்தது என்பதில் இன்றுவரை எங்கள் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. போன் அதிர்ந்ததில் சந்தனத் தண்ணீர் வழிந்து இறங்கியிருக்கிறது, தலைகீழாக இருந்ததால் அது கீழே இறங்குவது போனுக்கு விரலால் மேலே தள்ளியதுபோல ஆகிவிட்டது, அழைப்பை எடுத்துவிட்டது என்பது மகளின் விளக்கம். "உள்ளே வெள்ளம் கேறி, அத்ரே உள்ளு" என்பது சேட்டனின் விளக்கம். தண்ணீர் புகுந்துவிட்டது, அவ்வளவுதானாம். என் வீட்டுக்காரர் சரஸ்வதிதான் என்கிறார். எது எப்படியோ, அவர் விரலால் குத்திக் குத்தித் திறக்காத போன், தண்ணிச் சந்தனத்துக்குத் திறந்துகொண்டது.

இப்போது பார்க்க வேண்டும் அவர் பட்ட பாட்டை. பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது. தொடாமல் எடுக்க முடியாது, தொடாமல் வைக்கவும் முடியாது. பேசமாட்டேன் என்று அத்தனை நாள் இருந்த மனுஷனுக்கு இப்போது பேச்சை முடிக்க வழியில்லை. குரல் எட்டவேண்டுமே என்று பாயில் குப்புறப் படுத்து, தாடையைத் தரையில் ஊன்றி, போனுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார். பார்த்தவர்கள் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடுகிறார் என்றே சொல்வார்கள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"ஏன்? ஹாஸ்டல்ல இன்னிக்குப் பொரி, சுண்டல் ஒண்ணும் கிடையாதா?"

"அப்பா, உங்ககிட்ட சொல்ல பயம் இல்ல. நீங்க வேண்டாம்னு சொன்னா என்னால மீற முடியாதுன்னு தெரியும். அதனாலதான் தள்ளிப் போட்டேன். அம்மா வேண்டாம்னா மீறிடுவேன்."

இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா? "ஏய், நானும் இங்கேதான் இருக்கேன்" என்று கத்தினேன். யாரும் என்னைப் பொருட்படுத்தவில்லை. பழையபடி இரண்டு பேரும் ஒரு கட்சி.

"அப்போ நான் வேண்டாம்னு சொல்லலை" என்றார் அவர் தரையோடு தரையாக. "பெங்களூருக்குப் போகாதே, மோளே."

அவள் வைக்கவில்லை. இவரால் வைக்க முடியாது. சாயங்காலம் விளக்கு ஏற்றும்வரை குடோன் கதை பூராவும் அந்தப் போனிடம் சொல்லித் தீர்த்தார். நான் சுண்டலைக் கொண்டுபோய் அவர் வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். படுத்தபடியே தின்றார். சார்ஜ் தீர்ந்து போன் தானாக அணைந்த பிறகுதான் எழுந்தார். கழுத்து பிடித்துக்கொண்டது. வலி தெரியவில்லை என்றார்.

மறுநாள் காலை பூஜை எடுத்து, தட்டில் பரப்பிய அரிசியில் இந்த ஊர் வழக்கப்படி விரலால் ஹரிஸ்ரீ எழுதிவிட்டு, சாயாகூடக் குடிக்காமல் போனைச் சார்ஜில் போட்டார். துடைத்தார். மேலே காய்ந்த சந்தனம் வந்துவிட்டது; விரிசலுக்குள் இறங்கியது வரவில்லை. கண்ணாடியின் மேற்பகுதியில் மஞ்சளாக ஒரு கோடு அப்படியே நின்றது. நான் சொன்னேனல்லே என்று வாய்வரை வந்தது. நல்ல நாள் என்று விழுங்கிக்கொண்டேன்.

மகள் வீடியோவில் கூப்பிட்டாள். எர்ணாகுளத்திலிருந்து போட்டில் வந்துகொண்டிருந்தாள். காற்றில் தலைமுடி பறந்தது. "அப்பா, ஒருத்தர் கூட வர்றார், பாக்கறீங்களா?" என்று போனைப் பக்கத்தில் திருப்பினாள்.

திரையில் பையன் வந்தான். கண்ணாடி போட்ட, கொஞ்சம் பயந்த முகம். "நமஸ்காரம் அங்கிள்" என்றான், மனப்பாடம் பண்ணிய தமிழில். "கடைக்கு வர்றது நீங்கதான்னு எனக்கு முதல்லயே தெரியும். போட்டோ பாத்திருக்கேன். அப்பாகிட்ட சொல்லலை. அப்பா உங்களைப் பெரிய ஹோட்டல் முதலாளின்னு நினைச்சிட்டிருக்கார்."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். விரிசலில் இறங்கிக் காய்ந்த அந்த மஞ்சள் கோடு பையன் நெற்றிக்கு நேராக விழுந்திருந்தது, யாரோ விரலால் சந்தனம் இட்டுவிட்ட மாதிரி. அவன் தலையை ஆட்டிப் பேசப் பேச இவரும் போனை நகர்த்தி நகர்த்திக் கோட்டை நெற்றியிலேயே நிற்க வைத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் இறங்குகிற படகு ஜெட்டிக்குப் போகச் சட்டை மாற்றிக்கொண்டு, உறையைக் கழற்றிய குடையோடு கிளம்பினார். தெருமுனையில் சேட்டன் கடை திறந்திருந்தது. கல்யாண வேலை தொடங்குமுன் இதையாவது செய்யலாமே என்று, "இப்பவாவது அந்தக் கண்ணாடியை மாத்திட்டு வாங்களேன்" என்றேன்.

போனைப் பையிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். பிறகு நான் என்னவோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டதுபோல என்னை முறைத்தார்.

"மாத்தினா பையன் நெத்தி வெறிச்சுன்னு ஆயிடுமேடீ" என்றார்.